ஆறு முழங்கால்கள் நடந்துகொண்டிருந்த அறை

ஜெர்மனி போய் வந்தவளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்காதவர்கள் எங்கள் பிளாக்கில் இல்லை. மணலும் தண்ணீரும் கலந்த வாளிக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டு சுற்றுவதை ஒன்றரை நாள் உட்கார்ந்து பார்த்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். எதிர்க் குவார்ட்டர்ஸ் அம்மா சற்று யோசித்துவிட்டு, "அத நம்ம வீட்டு கிரைண்டர்லயே போட்டுப் பாத்திருக்கலாமே வசந்தி" என்றார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் கொஞ்சம் நீளம். ஆகவே எழுதிவிடுகிறேன்.

நெய்வேலியில் சுரங்க ஆய்வகத்தில் எனக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். பழுப்பு நிலக்கரியில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று எடை போட்டு எழுதுவது வேலை. தராசு காட்டும் நான்காவது இலக்கம் நின்று நிலைக்கும்வரை நான் பேனாவைத் திறப்பதில்லை. வீட்டில் கத்தரிக்காய் வாங்கும்போதும் அப்படித்தான் நிற்கிறேன் என்பது என் கணவரின் புகார்.

கன்வேயரில் வரும் கரி கீழே விழும் இடத்தில் இரும்புச் சரிவு ஒன்று இருக்கும். சூட் என்போம். அதன் உள்பக்கத்தில் ஒரு வகை வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடு அடித்திருப்பார்கள். மழைக்காலத்தில் ஈரக்கரி களிமண் மாதிரி அப்பிக்கொள்ளாமல் வழுக்கி இறங்குவதற்காக. சுரங்கத்தில் அதற்குப் பேர் ஷீட்டு. இந்த முறை ஷீட்டு ஜெர்மனியிலிருந்து வருகிறது. சரக்கு கப்பலேறும் முன்பு எங்கள் ஆட்கள் போய்த் தேய்மானச் சோதனையைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வர வேண்டும். என் பேரும் ஸ்டோர்ஸ் பிரிவு செல்வராசு பேரும் வந்தன.

எனக்கு அங்கே இன்னொரு வேலையும் இருந்தது. அது கம்பெனி கொடுத்தது இல்லை.

என் கணவர் ராமு கன்வேயர் மெக்கானிக். குள்ளஞ்சாவடிப் பக்கத்துக்காரர். முப்பது வருடமாகச் சூட்டில் இறங்கி, தேய்ந்த ஷீட்டைக் கழற்றிப் புது ஷீட்டு அடித்தவர். வலது முழங்கால் இரண்டு வருடமாக மக்கர். இப்போது ஆபீஸில் லைட் டியூட்டி. கடைக்குப் போகும்போது சைக்கிளை எடுத்துப் போவார், ஆனால் ஏற மாட்டார். ஹேண்டில்பாரைப் பிடித்துச் சாய்ந்தபடி தள்ளிக்கொண்டே போய்த் தள்ளிக்கொண்டே வருவார். "இன்னா ராமு, காத்து இல்லியா" என்று நண்பர்கள் கேட்பார்கள். "காத்துலாம் இருக்குது, ஓட்டறவன்தான் பஞ்சர்" என்பார்.

முழங்கால் மூட்டையே மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். முழங்காலின் உள்பக்கம் எலும்போடு எலும்பு உரசுகிறது, தள்ளிப்போட்டால் கால் வளைந்துகொண்டே போகும், அப்புறம் ஆபரேஷன் கடினம், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்றார். மேஜைமேல் செயற்கை மூட்டின் மாதிரி ஒன்றை வைத்துக் காட்டினார். மேலே பளபளக்கும் உலோகம், கீழேயும் உலோகம், நடுவில் வெள்ளையாக ஒரு வில்லை.

"நடுவுல வெள்ளையா இருக்குதே, அது இன்னா சார்?" என்றார் ராமு.

டாக்டர் பிளாஸ்டிக்கின் பேரைச் சொன்னார்.

"இது எங்க ஷீட்டு சார்."

"குடும்பம் ஒண்ணுதான். ஆனா இது மெடிக்கல் கிரேடு."

"கிரேடு எதுவா இருந்தா இன்னா சார். வருசத்துக்கு எத்தினி கழட்டறேன்னு எனக்குத்தான தெரியும்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் என்னிடம் ஒரே கேள்வி. "காலுக்குள்ள சூட்டு ஷீட்ட அடிச்சிகினு நடக்கச் சொல்றியா?"

நாங்கள் போகும் ஜெர்மன் ஆய்வகத்தில் செயற்கை மூட்டுகளையும் தேய்த்துப் பார்க்கிறார்கள் என்று அவர்களுடைய கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அதை ராமுவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார்.

"அப்ப போய் பாரு. கேட்டலாக்கு, புது பீஸு எதுவும் எனக்கு வேணாம். கழட்டினது எதுனா வச்சிருப்பானுங்க. அத பாத்துட்டு வா. நீ சொல்றத வச்சி முடிவு பண்ணிக்கலாம்."

ஆக, ஒரு கால் என் நோட்டுப் புத்தகத்தை நம்பி வீட்டில் காத்திருந்தது.

முதல் நாள்.

செல்வராசு நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து ஊர்க்காரர். நாற்பத்தைந்து வயது. பெட்டியில் கால் பங்கு துணி, முக்கால் பங்கு சாப்பாடு. இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், பண்ருட்டி முந்திரி நாலு பாக்கெட். "மேடம், துணி அங்க கெடைக்கும். பொடி கெடைக்குமா?" என்று கேட்டார். மறுக்க முடியவில்லை.

கடைசி ரயிலில் ஒரு சங்கடம். நடுவழியில் வயல்வெளி நடுவே ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றது. ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. சிலர் இறங்கி முன்பக்கம் நடந்தார்கள். நாங்கள் ஜன்னலோரத்தில் நிம்மதியாக இருந்தோம். பிறகு ரயிலின் முன்பாதி மட்டும் புறப்பட்டுப் போனது.

செல்வராசு ஜன்னலில் எட்டிப் பார்த்து, "மேடம், நம்ம எஞ்சின் நம்மள வுட்டுட்டு போவுது" என்றார், மழை வருகிறது என்று சொல்கிற குரலில். ரயிலை அங்கே இரண்டாகப் பிரித்து இரண்டு ஊருக்கு அனுப்புவார்களாம். நாங்கள் போக வேண்டிய ஊர் முன்பாதியோடு போய்விட்டது. எதிர் இருக்கையில் தக்காளிச் செடியை மடியில் வைத்திருந்த ஒரு பெரியவர் ஆங்கிலத்தில் விளக்கினார். "நீங்கள் இறங்குவீர்கள் என்று நினைத்தேன்" என்றார். முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். எங்கள் ஊர் பஸ்ஸாக இருந்தால் எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு, என்ன விசேஷம் எல்லாம் விசாரித்து, ஸ்டாப் வந்ததும் பையையும் இறக்கிக் கொடுத்திருப்பார்கள். நாங்கள் அந்த வயல்வெளியில் அடுத்த ரயிலுக்கு நாற்பத்தேழு நிமிடம் நின்றோம்.

இரண்டாம் நாள்.

காலை உணவுக்கு ஏழு வகை ரொட்டி. எல்லாவற்றையும் அறுக்க ரம்பப் பல் வைத்த கத்தி. அவித்த முட்டைக்குக் கம்பளிக் குல்லாய் போட்டு வைத்திருந்தார்கள். செல்வராசு குல்லாயைக் கழற்றி, முட்டையை நறுக்கி, இட்லிப்பொடி தூவினார். விடுதி நடத்தும் அம்மாள் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தார். ஒரு ஸ்பூன் கொடுத்தோம். வெண்ணெயில் குழைத்து ரொட்டியில் தடவிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து எங்கள் மேஜையில் முட்டை இரண்டு கூடுதலாக இருந்தது.

ஊரைப் பார்த்தால் தெரியாத ஊர் மாதிரி இல்லை. ஒரு பக்கம் கரி வெட்டிய பள்ளம், தூரத்தில் குளிர்விக்கும் கோபுரங்களின் வெள்ளை மூட்டம், சுரங்கத்துக்காக இடம் மாறிப் போன கிராமம் ஒன்றின் பேர்ப்பலகை. எங்கள் சுரங்கத்தில் மண் வாரும் பெரிய இயந்திரத்துக்கு உறவுக்காரன் மாதிரி பழைய இயந்திரம் ஒன்று அங்கே புல்வெளியில் ஓய்வாக நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் பூச்செடி. "ரிட்டையர்மெண்டு வாங்கிட்டான் மேடம்" என்றார் செல்வராசு.

ஆய்வகத்தில் போனை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். படம் எடுக்கக் கூடாது. நோட்டுக்கும் பென்சிலுக்கும் தடை இல்லை.

எங்கள் ஷீட்டின் துண்டை ஒரு தண்டில் மாட்டி, மணல் குழம்புக்குள் இறக்கிச் சுழற்றினார்கள். குறித்த நேரம் சுழன்றதும் எடுத்துக் கழுவி, உலர்த்தி, எடை போட வேண்டும். இழந்த எடைதான் தேய்மானம். நான் தராசு பக்கத்திலேயே நின்றேன். நான்காவது இலக்கம் நிலைக்கும்வரை எடை போட்டவரும் பேனாவைத் திறக்கவில்லை. அந்த நாட்டின்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

முந்திரியை எல்லோருக்கும் நீட்டினோம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பருப்பை எடுத்து, நன்றி சொல்லி, பாக்கெட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். "வேணாம்னு சொல்றாங்களா, வேணும்னு சொல்றாங்களா" என்று செல்வராசுவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மூன்றாம் நாள்.

மதியத்துக்குள் எங்கள் ஷீட்டு தேறிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். பிறகு மூட்டு அறையைப் பார்க்க அனுமதி கேட்டேன். அதன் பொறுப்பாளர் கெர்டா, என் வயதுக்காரர், காதோரம் பென்சில். காரணம் கேட்டார். கணவருக்கு முழங்கால் என்றேன். வேறெதுவும் கேட்காமல் கதவைத் திறந்தார்.

உள்ளே ஆறு முழங்கால்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. ஆள் கிடையாது. மேலே உலோகம், கீழே வெள்ளை வில்லை. அழுத்தம் ஏறுகிறது, மடங்குகிறது, வழுக்குகிறது, நிமிர்கிறது. மறுபடி. விநாடிக்கு ஓர் அடி. எங்கும் போய்ச் சேராத நடை. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு பை, பைக்குள் வெதுவெதுப்பான மஞ்சள் திரவம்.

"இது எண்ணெயா?" என்று கேட்டேன்.

"கன்றுக்குட்டியின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீர். நம் மூட்டுக்குள் இருக்கும் நீருக்குக் கிட்டத்தட்ட சமம்" என்றார் கெர்டா.

நான் தமிழில் சொன்னதும் செல்வராசு ஓர் அடி பின்னால் வைத்தார். அதற்கப்புறம் அவர் அறையின் மறுபக்கத்தில் நின்றே பார்த்தார்.

பத்து லட்சம் அடியைச் சுமாராக ஒரு வருட நடை என்று அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். நிறுத்தாமல் ஓட்டினால் அந்த ஒரு வருட நடை வெறும் பதினோரு நாள் பதிமூன்று மணி நாற்பத்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கெர்டா சரிபார்த்து, "நடுவில் நிறுத்தி எடை போடுவோமே, அதைச் சேர்க்கவில்லை" என்றார். சேர்த்துக்கொண்டேன்.

ஏழாவதாக ஒரு வில்லை ஓரத்தில் தனியாக இருந்தது. அதே திரவம், அதே அழுத்தம், ஆனால் அது நடக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கும் முன்பே புரிந்துவிட்டது. பிளாஸ்டிக் திரவத்தை உறிஞ்சிக் கொஞ்சம் எடை கூடும். தேய்ந்து குறைந்த எடையை ஊறிக் கூடிய எடை மறைத்துவிடும். சும்மா ஊறுகிற இதை எடை போட்டால் எவ்வளவு கூடியது என்று தெரியும், அதை வைத்து மற்ற ஆறின் கணக்கையும் திருத்தலாம். கரியின் ஈரத்தோடு இருபத்தாறு வருடம் மல்லுக்கட்டியவளுக்கு இது விருந்து. செல்வராசுவுக்கு விளக்கினேன்.

"புரியுது மேடம். ஆறு பேரு ஷிஃப்டு பாக்கறான். இவன் லைட் டியூட்டி."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்வதை, குந்துவதை இந்த இயந்திரம் செய்து பார்க்குமா என்று கேட்டேன். படி ஏறுவதற்குத் தனிச் சோதனை உண்டு, சம்மணம் கிடையாது என்றார் கெர்டா. "சம்மணம் என்றால் எப்படி?" என்று கேட்டார். தரையில் உட்கார்ந்து காட்டினேன். எழுந்திருக்க அவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் கழிவறையைப் பற்றியும் விவரித்தேன். குறித்துக்கொண்டு, "உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். என் இயந்திரம் நேராக நடக்க மட்டும்தான் கற்றிருக்கிறது" என்றார்.

பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன். கழற்றியது ஏதாவது இருக்கிறதா?

ஓர் இழுப்பறையைத் திறந்து சிறு பெட்டி ஒன்றை எடுத்தார். பதினாறு வருடம் ஒருவர் காலில் இருந்த வில்லை. அவர் இறந்தபின் ஆய்வுக்குத் தரச் சொல்லி எழுதி வைத்திருந்தாராம். "பேர் எனக்குத் தெரியாது. நாய் வளர்த்தார், தினமும் நடந்தார் என்று மட்டும் தாளில் இருக்கிறது." கையுறை போட்டு வாங்கினேன். கொஞ்சம் மஞ்சளடித்திருந்தது. பழைய சட்டையின் காலர் நிறம். கனத்தையும் எடையையும் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி வெளியே வந்தேன். வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

நான்காம் நாள்.

காலையில் ஊருக்குப் போன் செய்தேன். அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ராமுவிடம் எல்லாம் சொன்னேன். பத்து லட்சம், தெளிநீர், கனம், எடை. பொறுமையாகக் கேட்டார்.

"கோடு இருந்துதா?"

"எந்தக் கோடு?"

"இன்னா வசந்தி, இருவத்தாறு வருசம் லேபுல இருந்துகினு. மிஷின்ல கடைஞ்ச கோடு. புது ஷீட்டுல வெரல வச்சா தெரியும்ல. கோடு இருந்தா ஷீட்டு உசுரோட இருக்குது. கோடு போயிட்டா தேய ஆரமிச்சிட்டுது. எடைலாம் உன் தராசுக்கு. எனக்குக் கோடு சொல்லு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கனத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை எழுதியவள் மேற்பரப்பைப் பார்க்கவே இல்லை. அன்று மாலை ரயில். மறுபடி ஆய்வகத்துக்குப் போனேன். கெர்டா மீட்டிங்கில் இருந்தார். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். செல்வராசு வரவேற்பாளருக்கு முந்திரி கொடுத்து, அவர் ஒன்று எடுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கெர்டா வந்ததும் ராமு கேட்ட கோடுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் புருவம் உயர்ந்தது. "உங்கள் கணவர் என்ன வேலை?" என்றார். சொன்னேன். "அவர் கேட்பது சரியான கேள்வி. நாங்களும் முதலில் அதைத்தான் பார்ப்போம்" என்று லென்ஸைக் கொடுத்தார்.

வெளிப்பக்கப் பாதியில் கோடு இருந்தது. பதினாறு வருடத்துக்குப் பிறகும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், வயலில் ஏர் ஓட்டிய மாதிரி மெல்லிசாக, வரிசையாக. நான் கொஞ்சம் சத்தமாகவே மூச்சு விட்டேன்.

உள்பக்கப் பாதியில் கோடு இல்லை. கண்ணாடி மாதிரி வழுவழுவென்று, நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்குப் பள்ளம்.

ராமுவுக்கு உரசுவதும் உள்பக்கம்தான்.

வரையலாமா என்று கேட்டேன். "தடை இல்லை. இதுவரை யாரும் கேட்டதும் இல்லை" என்றார். நோட்டில் ஒரு முழுப் பக்கத்துக்கு வரைந்தேன். கோடு இருந்த இடத்தில் கோடு, இல்லாத இடத்தில் வெறுமை, பள்ளத்தின் எல்லை புள்ளிகளாக. விடைபெறும்போது கெர்டாவுக்கு ஒரு முழுப் பாக்கெட் முந்திரி கொடுத்தேன். அவர் மட்டும் மடித்துத் திருப்பிக் கொடுக்கவில்லை.

திரும்பும் வழி.

இந்தத் தடவை முன்பாதியா பின்பாதியா என்று நான்கு பேரைக் கேட்டுவிட்டே ரயிலில் ஏறினோம். செல்வராசு நோட்டை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

"மேடம், இந்தப் பக்கத்த மட்டும் அண்ணங்கிட்ட காட்டிடுங்க. கோடு இருக்குதுன்னு சொல்லிடுங்க. ஒத்துக்குவாரு."

"அந்தப் பக்கம்?"

"அது எதுக்கு? இது இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டா, வூட்டு சமாச்சாரம்தான."

அவர் சொன்னதை விமானத்தில் வெகுநேரம் யோசித்தேன். அரைப் பக்கத்தை மடித்துக் காட்டினால் போதும், ராமு சரி என்பார், கால் நேராகும். முழுதாகக் காட்டினால் நோட்டை மூடிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவார். மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் பிடிக்காத எடையை நான் எழுதாமல் விட்டதில்லை. ஆனால் கரிக்கு வலிக்காது.

வீட்டுக்கு வந்து, குளித்து, காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு நோட்டை விரித்து முன்னால் வைத்தேன். முழுப் பக்கமும். "வெளிப்பக்கம் கோடு இருக்குங்க. உள்பக்கம் போயிடுச்சு, பள்ளமும் விழுந்திருக்கு" என்றேன். 

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காப்பி ஆறியது.

"எத்தினி வருசம்னு சொன்ன?"

"பதினாறு."

"ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்குது."

"ஆமாங்க."

"அப்ப ஷீட்டு மேல தப்பில்ல." விரலால் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினார். "ஷீட்டு மோசம்னா ரெண்டு பக்கமும் போயிருக்கும். ஒரு பக்கமா தின்னா அது அலைன்மெண்டு. லோடு முழுக்க இங்க எறங்கிகினு இருந்திருக்குது. சரக்கு நல்ல சரக்கு. மாட்டனவன் சாய்ச்சி மாட்டிட்டான்."

சாய்ந்திருந்தும் பதினாறு வருடம் தாங்கியிருக்கிறதே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏற்கெனவே அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. "டாக்டரு நாளைக்கு இருப்பாரா?" என்றார்.

மறுநாள் டாக்டர் முன்னால் நோட்டை விரித்து வைத்துவிட்டு, ராமு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சரக்கப் பத்தி சந்தேகம் இல்ல சார். இவுங்க நேர்ல போயி பாத்துட்டு வந்துட்டாங்க. ஃபிட்டிங்குதான் கேக்கறேன். அலைன்மெண்டு எத வச்சி எடுப்பீங்க?"

டாக்டர் படத்தையும் ராமுவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்காலின் மையம்வரை ஒரு கோடு இழுத்தார். முழுக்காலுக்கும் எக்ஸ்ரே எடுப்பது, எலும்பைச் சீவும் முன் கம்பி வைத்துச் சரிபார்ப்பது, ஒரு பாகைக்குக்கூடச் சண்டை போடுவது எல்லாவற்றையும் சொன்னார். நாங்கள் நூல் பிடித்து எடுப்போம் என்று ராமு கன்வேயரைப் பற்றிச் சொன்னார். இருபது நிமிடம் போனது. நர்ஸ் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

"பதினாறு வருஷம்னு நான் கேரண்டி தர முடியாது" என்றார் டாக்டர். "அது ஒருத்தரோட கால். உங்களோடது வேற. சம்மணம் போடக் கூடாது, குந்தக் கூடாது. அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"அது வூட்ல மாத்திக்கலாம் சார். ஃபிட்டரு யாரு?"

"நான்தான்."

"பாதில ஹெல்ப்பர்கிட்ட வுட்டுட்டுப் போயிட மாட்டீங்களே?"

டாக்டர் சிரிக்கவில்லை. "கடைசித் தையல் வரைக்கும் நானே நிப்பேன்" என்றார்.

ராமு ஒப்புதல் படிவத்தை இழுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட்டார். உறவினர் கையெழுத்துக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. பேனாவையும் தாள்களையும் என்னிடம் தள்ளினார். நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போடு வசந்தி" என்றார் ராமு. "நீ படிச்சி முடிக்கறதுக்குள்ள இன்னொரு காலும் தேஞ்சிடும்."

நான் இரண்டாம் பக்கத்தில்தான் இருந்தேன்.